பெங்களூர் ஐடி வேலை வெறுத்துவிட்டது. கிறிஸ்தவத் துறவு மடத்தில் சேர்ந்தால் மன அமைதி கிடைக்குமா?

கேள்விக்குக் கீழே நீங்கள் கொடுத்திருக்கும் விவரம் இது: வயது 32, ஒயிட்ஃபீல்டில் வேலை, கல்யாணம் ஆகவில்லை, கத்தோலிக்கக் குடும்பம். திங்கட்கிழமை என்றாலே வயிற்றைப் பிசைகிறது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஏதாவது ஒரு மடத்தில் செபம் செய்துகொண்டு நிம்மதியாக இருந்துவிடலாமா, அங்கே ஒரு நாள் எப்படிப் போகும் என்று கேட்கிறீர்கள்.

உடனே சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். சேர்த்துக்கொண்டாலும், ஒயிட்ஃபீல்டில் உங்களைப் பிடித்து ஆட்டுகிற அதே சங்கதி உங்களுக்கு முன்னாலேயே அங்கே போய்ப் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. மடத்துக்காரர்களே 1600 வருடங்களாக இதைத்தான் சொல்லிவருகிறார்கள்.

நான் துறவி இல்லை. கேஜிஎஃப்பில் பிறந்து, லிங்கராஜபுரத்தில் குடும்பம் நடத்துகிற ஆள். அப்பாவின் அண்ணன் பெனடிக்டின் துறவி. மைசூர் ரோடு பக்கம் அவர் இருக்கும் மடத்தின் விருந்தினர் விடுதியில் அவ்வப்போது போய்த் தங்குவேன். அங்கே பார்த்ததும், பெரியப்பா கொடுத்துப் படித்ததும்தான் என் மூலதனம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நமக்குத் தெரிந்த சாமியார்களும் சிஸ்டர்களும் பெரும்பாலும் பங்கு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று வெளியே வேலை செய்கிறவர்கள். மடத்துத் துறவி வேறு ரகம். அவருக்கு மடம்தான் ஊர், செபம்தான் முதல் வேலை. பெனடிக்டின், அதிலிருந்து 1098ல் கிளம்பிய சிஸ்டர்சியன், இன்னும் கடுமையான கார்த்தூசியன், பெண்களில் அடைபட்ட மடத்துக் கார்மேல் கன்னியர் எல்லாம் இந்த வகை.

இதன் தொடக்கம் எகிப்துப் பாலைவனம். நம்ம ஊர்ப்பக்கம் ஜனவரி 17ல் மாடு கன்றுகளை மந்திரிக்கக் கூட்டிக்கொண்டு போவோமே, அந்த வனத்து அந்தோணியார்தான் இவர்களுக்கெல்லாம் மூத்தவர். வசதியான விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. "உனக்குள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடு" என்ற வசனம் கோயிலில் வாசிக்கப்பட்டபோது அது தனக்கே சொன்னது என்று எடுத்துக்கொண்டு, நிலத்தைக் கொடுத்துவிட்டுத் தனிமைக்குப் போனவர். அவரைப் பார்த்துப் பின்னால் ஆயிரக்கணக்கானோர் போனார்கள். அப்படிப் போனவர்களில் ஒருவர் இவாக்ரியஸ். கான்ஸ்டான்டினோபிளில் பெயரெடுத்த பிரசங்கி. கல்யாணமான ஒரு பெண்மேல் மனம் போனதால் அந்த நகரத்தை விட்டே கிளம்பி, கடைசியில் எகிப்துக்கு வந்து, 399ல் அங்கேயே இறந்தார். துறவியின் மனதுக்குள் என்னென்ன நடக்கும் என்பதை அவர் அளவுக்குத் துல்லியமாக எழுதியவர்கள் குறைவு. எட்டுக் கெட்ட எண்ணங்களை வரிசைப்படுத்துகிறார். அவற்றில் மிகவும் கனமானது என்று அவர் சொல்வது காமத்தையோ கோபத்தையோ அல்ல, அசீடியாவை, அதாவது இருக்கிற இடமும் செய்கிற வேலையும் வெறுத்துப்போகும் சலிப்பை. நடுப்பகல் பேய் என்றும் அதைச் சொல்வார்கள்.

அந்தப் பேய் எப்படி வேலை செய்கிறது என்று அவர் எழுதியிருப்பதை உங்கள் ஆபீஸோடு பொருத்திப் பாருங்கள். காலை பத்து மணி வாக்கில் வந்து பிடிக்கும், மதியம் இரண்டு வரை விடாது. சூரியன் நகரவே மாட்டேன் என்கிறது, பகலுக்கு ஐம்பது மணி நேரம் என்று தோன்றும். ஜன்னலை ஜன்னலைப் பார்க்க வைக்கும். சாப்பாட்டுக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று வெளியே வந்து சூரியனை அண்ணாந்து பார்க்க வைக்கும். யாராவது சகோதரர் பேச்சுக்கு வருகிறாரா என்று எட்டிப் பார்க்கச் சொல்லும். அப்புறம் இந்த இடமே பிடிக்காமல் போகும், கைவேலை பிடிக்காமல் போகும். இங்கே யாருக்கும் அன்பு இல்லை, நமக்கு ஆறுதல் சொல்ல ஒரு நாதி இல்லை என்று தோன்றும். யாராவது மனம் நோகப் பேசியிருந்தால் அதைச் சரியாக அந்த நேரத்தில் ஞாபகப்படுத்தும். கடவுளை எங்கே இருந்தாலும் கும்பிடலாமே, இதைவிடச் சுலபமான வேறு இடத்துக்குப் போனால் என்ன என்று காதில் ஓதும். வீட்டு ஞாபகம் வரும். இன்னும் எத்தனை வருடம் இப்படியே ஓட்டவேண்டும் என்று மலைப்பாக இருக்கும்.

செல்போனோ லிங்க்ட்இன்னோ இல்லாத பாலைவனத்தில், கூரைக்குக் கீழே தனியாக உட்கார்ந்திருந்த மனிதர்கள் பட்ட பாடு இது. ஞானோபதேச வகுப்பில் தலையான பாவங்கள் ஏழு என்று மனப்பாடம் செய்தோமே, அதில் வருகிற சோம்பல் இந்த அசீடியாவின் வாரிசுதான். ஆனால் போர்த்திக்கொண்டு தூங்குவது மட்டும் இல்லை இது. ஓயாமல் இடம் மாறத் துடிப்பதும் இதே நோய்தான்.

மருந்தாக அவர்கள் சொன்னது கொஞ்சம் சப்பென்று இருக்கும். அந்தோணியாருக்கே ஒருமுறை இந்த வெறுப்பு வந்தது. "ஆண்டவரே, நான் கரையேற வேண்டும், இந்த எண்ணங்கள் விடமாட்டேன் என்கின்றன" என்று முறையிட்டுவிட்டு வெளியே வந்தால், தன்னைப் போலவே ஒருவர் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருக்கிறார். எழுந்து செபிக்கிறார். மறுபடி உட்கார்ந்து திரிக்கிறார். மறுபடி எழுந்து செபிக்கிறார். வந்தவர் ஒரு வானதூதர். "இப்படிச் செய், கரையேறுவாய்" என்றாராம். விளக்கம் எதுவும் கொடுக்கவில்லை.

யோவான் காசியன் என்பவர் எழுதிவைத்த இன்னொரு கதை எனக்கு இதைவிடப் பிடிக்கும். பவுல் என்ற துறவி பாலைவனத்துக்குள் வெகுதூரத்தில் இருந்தார். சந்தைக்கு ஏழு நாள் நடக்கவேண்டும். கூடை முடைந்து கொண்டுபோய் விற்றால் வழிச்செலவுக்கே காணாது. ஆனாலும் தினமும் ஓலை எடுத்துவந்து, இவ்வளவு முடையவேண்டும் என்று கணக்கு வைத்து முடைவார். வருடம் முடிந்து குகை நிறைந்ததும் அத்தனையையும் போட்டுக் கொளுத்திவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். (இரண்டு வருடம் எழுதிய சாஃப்ட்வேர் வாடிக்கையாளர் கைக்குப் போகாமலே ஊற்றி மூடப்பட்டதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. வித்தியாசம், அவருக்கு அது முதலிலேயே தெரியும்.)

ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் பெனடிக்ட், நம்மவர்கள் சொல்லும் ஆசீர்வாதப்பர், இதையெல்லாம் மடத்து வாழ்வுக்கான ஒழுங்கு என்ற பெயரில், 73 சின்னச் சின்ன அதிகாரங்கள் கொண்ட ஒரு விதிநூலாக எழுதினார். சுபியாகோ குகையில் மூன்று வருடம் தனியாக இருந்து பார்த்தவர். பக்கத்து மடத்தார் அவரைத் தலைவராக இருக்கச் சொல்லிக் கூட்டிப்போய், கண்டிப்பு தாங்காமல் திராட்சை ரசத்தில் விஷம் வைத்தார்கள் என்று அவர் வரலாறு சொல்கிறது. அதனால் மனிதர்களைப் பற்றி அவருக்குப் பெரிய கற்பனைகள் இல்லை. எவ்வளவு தூங்கலாம், எவ்வளவு சாப்பிடலாம், சமையல் முறை யாருக்கு, சாப்பாட்டுக்கு லேட்டாக வந்தால் என்ன செய்வது என்று எல்லாவற்றையும் எழுதிவைத்தார். சாமான் அறைப் பொறுப்பாளருக்கு அவர் சொல்வது, சட்டி பானை மண்வெட்டியைக்கூட பீடத்துப் பாத்திரங்களைப் போல நினைத்துக் கையாளவேண்டும் என்று. பெரியப்பா தோட்டத்துக் கடப்பாரையைக் கழுவித் துடைத்து எடுத்துவைப்பதைப் பார்த்தால் அது வெறும் எழுத்து இல்லை என்று தெரியும்.

துறவு என்றதும் நாம் நினைப்பது கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல். பெனடிக்டின் துறவி கொடுக்கும் வார்த்தைப்பாட்டில், அதாவது உறுதிமொழியில், கீழ்ப்படிதலோடு, துறவு வாழ்வுக்குத் தக்கபடி மனம் திரும்பி நடப்பதும், சாகும்வரை அந்த மடத்துக் கூட்டத்தோடேயே இருப்பதும் சேர்ந்திருக்கும். கடைசியாகச் சொன்னதுதான் உங்கள் கேள்விக்குப் பதில் என்பது என் எண்ணம். முதல் அதிகாரத்திலேயே பெனடிக்ட் ஒரு கூட்டத்தைப் போட்டு வாங்குகிறார்: மூன்று நாள் இங்கே, நாலு நாள் அங்கே என்று மடம் மடமாக விருந்தாளியாகச் சுற்றிக்கொண்டு, எங்கேயும் நிலைக்காமல், தன் இஷ்டப்படி இருக்கிற துறவிகள். இருக்கிறவர்களிலேயே மோசம் என்கிறார். வீட்டுக்கு 11 மாத அக்ரிமென்ட், வேலைக்கு இரண்டு வருடம், ஹைக் கிடைத்தால் அடுத்த கம்பெனி என்று ஓடுகிற இந்த ஊரில் உட்கார்ந்து அந்தப் பகுதியைப் படிக்கும்போது சிரிப்பு வந்தது, கொஞ்சம் உறுத்தவும் செய்தது.

ஒரு நாள் எப்படிப் போகும் என்று கேட்டிருந்தீர்கள். விடியுமுன் மணி அடிக்கும். அதிலிருந்து இரவு வரை பல தடவை கோயிலில் கூடி பைபிளில் இருக்கும் திருப்பாடல்கள் (சங்கீதங்கள்) சொல்வார்கள். நடுவில் திருப்பலி, இறைவார்த்தையை அவசரமில்லாமல் மென்று வாசிக்கும் நேரம், தோட்டம், மாட்டுத்தொழுவம், சமையல், கணக்கு, விருந்தினர். சாப்பாட்டு மேஜையில் பேச்சு கிடையாது, ஒருவர் புத்தகம் வாசிப்பார், மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சாப்பிடுவார்கள். 150 திருப்பாடல்களையும் ஒரே வாரத்தில் முடிக்கவேண்டும் என்பது பெனடிக்ட் வைத்த கணக்கு. இப்போது பல மடங்களில் இரண்டு வாரம், நாலு வாரம் என்று பிரித்துக்கொள்கிறார்கள்.

இந்தத் திருப்பாடல் சொல்லும் முறையில் ஒரு விஷயம். இரண்டு வரிசையாக எதிரெதிரே நின்று மாறி மாறிச் சொல்வார்கள். ஒவ்வொரு வசனமும் நடுவில் இரண்டாகப் பிரியும், அங்கே எல்லோரும் ஒரு மூச்சு நேரம் நிறுத்துவார்கள். புத்தகத்தில் சின்ன நட்சத்திரக் குறி இருக்கும். புதிதாக வருகிறவர்கள் யாருமே அங்கே நிற்க மாட்டார்கள். கோயில் முழுக்க அமைதியாக இருக்கும்போது அவர்கள் குரல் மட்டும் தனியாக ஓடிப்போய் முட்டிக்கொண்டு நிற்கும். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எப்போது மறுபடி தொடங்குவது என்று யாரும் கைகாட்டுவதும் இல்லை. பக்கத்தில் இருப்பவரின் மூச்சைக் கேட்டுக் கேட்டுத்தான் பழகவேண்டும்.

பெரியப்பாவிடம் ஒருநாள் கேட்டேன். "இத்தனை வருஷமா ஒரே இடம், ஒரே பாட்டு. போர் அடிக்கலையா பெரியப்பா?"

"அடிக்காம? பக்கத்துல நிக்கிறாரே அந்த மலையாளி பிரதர், ஒவ்வொரு நிறுத்தத்துலயும் தொண்டையைச் செருமுவாரு. முதல் பத்து வருஷம் என் செபமே, ஆண்டவரே இந்தாளை வேற மடத்துக்கு மாத்துன்னுதான்."

"அப்புறம்?"

"போன மாசம் அவரு ஆபரேஷனுக்குப் போயிட்டாரு. எங்க நிறுத்துறது, எங்க தொடங்குறதுன்னு தெரியாம நான்தான்டா தடுமாறிட்டு நின்னேன்."

இனி சேர்வது பற்றி. புதிதாக வருகிறவரைச் சுலபத்தில் உள்ளே விடாதே, நாலைந்து நாள் வாசலில் நின்று தட்டட்டும் என்பது பெனடிக்ட் எழுதிய ஒழுங்கின் 58ஆம் அதிகாரம். இப்போது வாசலில் நிற்க வைப்பதில்லை, ஆனால் அவசரப்படுவதும் இல்லை. கடிதம், வந்து தங்கிப் பார்ப்பது, சில மாதம் கூடவே இருப்பது, குறைந்தது ஒரு வருட நவதுறவு என்கிற பயிற்சிக் காலம், அப்புறம் மூன்று வருடத்துக்குக் குறையாத தற்காலிக வார்த்தைப்பாடு, அதற்கும் பிறகுதான் நித்திய வார்த்தைப்பாடு. திருமண பந்தத்தில் இருப்பவரைச் சேர்க்க முடியாது. உங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் திருச்சபைச் சட்டம் 644ன்படி, கடன் வைத்துக்கொண்டு அடைக்க முடியாமல் இருப்பவரை நவதுறவில் சேர்க்கக்கூடாது. ஒயிட்ஃபீல்டில் ஃபிளாட் வாங்கி இஎம்ஐ ஓடிக்கொண்டிருந்தால் அதை முதலில் பாருங்கள். வேலையை விட்டுவிட்டுப் போய் நின்றால், கடனை எப்படி அடைப்பாய் என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

வேலை வெறுத்துவிட்டது என்பது மட்டுமே காரணம் என்றால் வேலையை மாற்றுங்கள், அல்லது ஒரு நல்ல மனநல மருத்துவரைப் பாருங்கள். தூக்கமில்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை என்பதையெல்லாம் அசீடியா என்று பெயர் வைத்துச் செபத்தாலேயே சரிசெய்யப் பார்க்கவேண்டாம். வேலை நன்றாகப் போகிற நாளிலும் அந்த வாழ்க்கை உங்களை இழுக்கிறதா என்று கவனியுங்கள். அப்படி இழுத்தால் அது வேறு விஷயம்.

போய்ப் பார்க்க ஆசையென்றால் தூரம் போகவேண்டாம். கும்பளகோடு பக்கம் ஆசீர்வனம் பெனடிக்டின் மடம் இருக்கிறது. அந்தப் பகுதிக்கு இதில் ஒரு பழைய தொடர்பும் உண்டு. 1955ல் இங்கிலாந்திலிருந்து வந்த பெனடிக்டின் துறவி பீட் கிரிஃபித்ஸ் முதலில் கெங்கேரியில்தான் ஒரு மடம் தொடங்கிப் பார்த்தார், அது நிலைக்கவில்லை. பிறகு கேரளத்தில் குரிசுமலை, 1968 முதல் நம் குளித்தலைக்குப் பக்கத்தில் தண்ணீர்ப்பள்ளி சாந்திவனம். காவேரிக்கரையில், காவி உடையில், இந்திய முறையில் வாழும் துறவைப் பார்க்கவேண்டுமென்றால் அங்கே போகலாம்.

விருந்தினர் பொறுப்பில் இருக்கும் சாமிக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், அன்றைக்குக் கூட்டம் வரும். செவ்வாய், புதன் மாதிரி ஒன்றுமில்லாத நாளாகப் பார்த்து லீவு போடுங்கள். லேப்டாப்பை வீட்டில் வைத்துவிடுங்கள். மெட்ரோவில் சல்லகட்டா வரை போய் அங்கிருந்து ஆட்டோ பிடிக்கலாம். தங்குவதற்கு இவ்வளவு என்று சொல்லாவிட்டாலும் சாப்பாட்டுச் செலவுக்காவது காணிக்கை வைத்துவிட்டு வாருங்கள். முதல் நாள் நன்றாக இருக்கும். இரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு மேல் என்ன ஆகிறது என்று பாருங்கள். பார்த்துவிட்டு வந்து இங்கே எழுதினால் எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை.