சங்கம் நடத்துவோர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் மும்பை மாட்டுங்கா சங்கச் செயற்குழுவில் 15 பேர். வருவது ஆறேழு பேர். மூன்று மணி நேரம் பேசிவிட்டு, ‘அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்’ என்று கலைகிறோம். என்ன செய்வது?

பதில்: முதலில் கிழமையைப் பாருங்கள். மாட்டுங்கா–முலுண்ட் ரயில் தடத்தில் பராமரிப்புக்கான மெகா பிளாக் உள்ள ஞாயிறன்று காலை 11 மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு, டோம்பிவிலிக்காரர் வரவில்லை என்று கோபித்துப் பயனில்லை. சனிக்கிழமை மாலைக்கு மாற்றுங்கள்.

அதைவிடப் பெரிய காரணம், வந்தாலும் அவர்களுக்கு அங்கே வேலை இல்லை என்பது. உங்கள் அஜெண்டாவில் ‘பொங்கல் விழா பற்றி’ என்று ஒரு வரி இருக்கும். அதை வைத்துக்கொண்டு யாரும் யோசித்து வர முடியாது. ‘பொங்கல் விழா அரங்குக்கு முன்பணம் 25,000 ரூபாய் இம்மாதமே கட்டலாமா? விழாக்குழு, 15 நிமிடம்’ என்று எழுதிப் பாருங்கள். இப்படி மூன்று, மிஞ்சினால் நான்கு போதும். இவற்றைக் கூட்டத்தின் தொடக்கத்திலேயே எடுத்துக்கொள்ளுங்கள். போன மாத மினிட்ஸ் (கூட்டக் குறிப்பு), கடிதங்கள், கிளைச் செய்திகள் ஏழு நாள் முன்பே கைக்குப் போய்விட்டால், ‘ஆட்சேபம் உண்டா?’ என்ற ஒரு கேள்வியில் முடிந்துவிடும். வாசித்துக் காட்டும் வழக்கத்தில்தான் முதல் ஒரு மணி நேரம் கரைகிறது.

பொருளாளரின் கணக்கு ஒரே பக்கம்: வங்கி இருப்பு, மாத வரவு செலவு, பட்ஜெட்டோடு வித்தியாசம், வர வேண்டிய பாக்கி.

யார் என்ன பேசினார் என்று மினிட்ஸில் எழுதாதீர்கள்; அடுத்த கூட்டம் அதைத் திருத்துவதிலேயே போகும். தீர்மானம், முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், பொறுப்பு யாருக்கு, எந்தத் தேதிக்குள், அவ்வளவுதான். மறுநாளே வாட்ஸாப்பில் போட்டுவிடுங்கள். ஆனால் வாட்ஸாப்பில் பத்துப் பேர் கட்டைவிரல் காட்டியதைத் தீர்மானம் என்று நினைக்கக் கூடாது.

தொடர்ந்து மூன்று கூட்டம் வராதவர் பதவி இழப்பார் என்று பல பைலாக்களில் (சங்க விதிகளில்) உண்டு. உங்களுடையதிலும் இருந்தால், கடிதம் போகும் முன் தலைவரே போனில் பேசட்டும். ‘பேர் இருக்கட்டும்’ என்று சேர்க்கப்பட்டவர்கள் பலர் தாங்களாகவே விலகிவிடுவார்கள்.

கேள்வி: புதுக் குழு தேர்வாகி இரண்டு மாதம். வங்கி இன்னும் பழைய பொருளாளரின் கையெழுத்தையே கேட்கிறது.

பதில்: நிர்வாகிகள் மாறியதைத் தெரிவிக்கும் சேஞ்ச் ரிப்போர்ட் போட்டீர்களா? மகாராஷ்டிரத்தில் நம் சங்கங்கள் 1860ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தோடு, 1950ஆம் ஆண்டுப் பொது அறக்கட்டளைச் சட்டத்தின் கீழும் பதிவாகின்றன. பின்னதன் 22ஆம் பிரிவுப்படி, நிர்வாகிகள் மாறிய 90 நாளுக்குள் சேரிட்டி கமிஷனர் அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். உங்களுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. நாள் தவறினால் தாமதத்தைப் பொறுக்கக் கோரும் மனுவும் சேரும்.

தேர்தல் மினிட்ஸ் நகல், வருகைப் பதிவேடு, புதியவர்களின் சம்மதக் கடிதம், விலகியவர்களின் கடிதம் எல்லாம் எளிதில் கிடைத்துவிடும். சிக்கல் வருவது தேர்தல் கூட்டத்துக்கான நோட்டீஸில். பைலா 14 நாள் என்றால், 14 நாள் முன்பே அனுப்பியதற்குத் தபால் ரசீதோ கையெழுத்துப் பட்டியலோ வேண்டும். அது இல்லாவிட்டால் தோற்ற வேட்பாளர் ஒருவர் ஆட்சேபித்தாலே இழுபறிதான். முந்தைய குழுவின் ரிப்போர்ட் நிலுவையில் கிடக்கிறதா என்றும் விசாரியுங்கள்.

கேள்வி: ஏட்டில் 600 உறுப்பினர், நிகழ்ச்சிக்கு 60 பேர். இளைஞர்களை எப்படி இழுப்பது?

பதில்: அந்த 600 நிஜமா? பத்துப் பேர் ஆளுக்கு 60 போன் செய்து, இருக்கிறார், ஊர் மாறிவிட்டார், காலமானார், எண் இல்லை என்று குறியுங்கள். பெயர் நீக்குவது பைலா சொல்லும் முறையில் மட்டும்.

‘இளைஞர்கள் முன்வர வேண்டும்’ என்று மைக்கில் சொன்னால் ஒருவரும் வர மாட்டார். ஒருவரைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: ‘ஞாயிறு நாலு மணியிலிருந்து ஆறு வரை பதிவு மேசையில் உட்கார்கிறாயாப்பா?’ வந்தவரைப் பொன்னாடை வரிசையில் நிறுத்திவைக்காதீர்கள்.

கேள்வி: செயற்குழு உறுப்பினரின் தம்பி கேட்டரிங் செய்கிறார். அவருக்கே விழாச் சாப்பாட்டு ஆர்டர் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கலாம். அண்ணன் உறவைச் சொல்லிவிட்டு, அந்தப் பேச்சு முடியும்வரை வெளியே இருக்க வேண்டும். அதை மினிட்ஸில் எழுதுங்கள். மூன்று கொட்டேஷனும் ஒரே கணக்கில் இருக்கட்டும்: 300 இலை, இத்தனை வகை, பரிமாறும் ஆட்கள் சேர்த்து. மொத்த விலை மட்டும் கேட்டால் ஒருவர் ஆள்கூலியைச் சேர்த்திருப்பார், இன்னொருவர் விட்டிருப்பார்.