வெள்ளவத்தையிலிருந்து ராகமவுக்குத் தினமும் ரயிலில் போய் வரலாமா?

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "மகளுக்கு ராகம மருத்துவபீடம் கிடைத்திருக்கிறது. வெள்ளவத்தையில் என் அக்கா வீட்டில் தங்கி ரயிலில் போய் வரலாமா? இல்லை, ராகமவிலேயே அறை எடுப்பதா?"

முதல் இரண்டு வருடம் தாராளமாகப் போய் வரலாம் அம்மா. வார்டுகளில் பயிற்சி தொடங்கியதும் ராகமவுக்கு மாறிவிடுவது நல்லது.

தூரத்தை விடக் கூட்டம் எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் முக்கியம். காலையில் எல்லா ரயில்களும் கொழும்புக் கோட்டை ஸ்டேஷனை நோக்கித்தான் நிரம்பி வரும். பாணந்துறை, மொறட்டுவைப் பக்கமிருந்து வரும் ரயில் வெள்ளவத்தைக்கு வரும்போதே நிற்க இடம் இருக்காது. ஆனால் அந்த நெருக்கடி இருபது நிமிடம்தான். கோட்டையில் பெட்டி காலியாகிவிடும். அங்கிருந்து ராகம வரை உங்கள் மகள் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் போகிறார், பெரும்பாலும் இருக்கை கிடைக்கும். மாலையில் ராகமவிலிருந்து வரும்போதும் அப்படியே. கடைசித் துண்டு மட்டும்தான் கஷ்டம்.

அந்தக் கடைசித் துண்டுக்கு ஒரு வழி இருக்கிறது. மாலையில் திரும்பும்போது கோட்டை வரை வராமல் மருதானையிலேயே இறங்கிக் கரையோர ரயிலுக்கு மாறச் சொல்லுங்கள். அந்த ரயில்களில் பல மருதானையில்தான் புறப்படுகின்றன. கோட்டைக்கு வந்ததும் கந்தோர் முடிந்த கூட்டம் முழுவதும் ஏறும். ஒரு ஸ்டேஷன் முன்னால் ஏறியவருக்கு இருக்க இடம் இருக்கும், கோட்டையில் ஏறியவருக்கு அது இல்லை. பல வருடம் இந்தப் பாதையில் போய் வந்த எனக்கு இதைவிடப் பயன்பட்ட விஷயம் வேறில்லை.

ராகம பிரதான பாதையில் இருக்கிறது. 1865இல் அம்பேபுஸ்ஸ வரை ஓடத் தொடங்கிய நாட்டின் முதல் ரயில் பாதை இதுதான். புத்தளம் பாதை பிரிவதும் ராகமவில்தான். அதனால் கம்பஹா, வேயங்கொடை, மீரிகம, பொல்கஹவெல, நீர்கொழும்பு, சிலாபம் என்று எந்தப் பெயர் சொன்னாலும் அந்த ரயில் ராகம வழியாகத்தான் போகும். ஆனால் கடுகதி ரயில் எல்லாம் அங்கே நிற்காது, ஏறுமுன் கேட்டுவிட வேண்டும். அவிசாவளை, பாதுக்கை என்று அறிவித்தால் அது களனிவெளிப் பாதை, ஏறவே கூடாது. கரையோரத்திலிருந்து கோட்டை தாண்டி நேரே ராகமப் பக்கம் ஓடும் ரயில்களும் சில உண்டு. வெள்ளவத்தை ஸ்டேஷனில் அவற்றின் நேரத்தைக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டால் மாறி ஏறும் வேலையே இல்லை. அரச தகவல் நிலையத்தின் 1919 இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம்.

வீட்டிலிருந்து விரிவுரை மண்டபம் வரை ஒன்றரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். ரயில் பிந்தும், சில நாள் ஓடாமலும் போகும். பணிப்புறக்கணிப்பு என்று காலையில்தான் தெரியவரும். பரீட்சை நாட்களில் ஒரு ரயில் முன்னதாகவே போகட்டும். ரயில் இல்லையென்றால் காலி வீதியில் 100 அல்லது 101 பஸ்ஸில் புறக்கோட்டைக்குப் போய், அங்கிருந்து ராகம பஸ் எடுக்கலாம். நேரம் கூடுதலாகப் பிடிக்கும். சனி, ஞாயிறு, போயா நாட்களில் ரயில்கள் குறைவு.

தினமும் டிக்கெட் எடுக்க வேண்டாம், வெள்ளவத்தை–ராகம சீசன் டிக்கெட் எடுங்கள். மாணவருக்கான சலுகைக்குப் பீடத்தின் உறுதிப்படுத்தல் தேவை. மாத ஆரம்பத்தில் வரிசை நீளும், சில நாள் முன்பே எடுத்துவிடுங்கள்.

ஒரு விஷயத்தை மகளிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். நெரிசலில் பெண்களைத் தொந்தரவு செய்பவர்கள் இருக்கிறார்கள். வாசல் பக்கம் நிற்காமல் உள்ளே, மற்றப் பெண்கள் நிற்கும் இடத்தில் நிற்கட்டும். யாராவது எல்லை மீறினால் சத்தம் போடத் தயங்கக் கூடாது. அப்புறம், வெள்ளவத்தையில் குறுக்கு வழி என்று தண்டவாளத்தில் நடப்பார்கள். கடல் இரைச்சலில் ரயில் வருவது காதில் விழாது. மரைன் டிரைவ் வழியாகவே நடக்கட்டும்.

வார்டு பயிற்சி தொடங்கினால் அதிகாலையிலும் இரவிலும் வைத்தியசாலையில் நிற்க வேண்டிவரும். இரவில் தனியாக ரயில் மாறிக்கொண்டிருப்பது சரிவராது. விடுதியோ அறையோ அப்போது பாருங்கள்.

சேருவதற்கு முன் நீங்களும் மகளும் ஒரு திங்கட்கிழமை காலையில் போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை போனால் ஒன்றும் தெரியாது.