ஜன்னலோரத் தற்படம்: முகம் ஏன் மங்குகிறது, நிழலை என்ன செய்வது?

கேள்வி: என்னிடம் ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆர் கேமராவும், எஃப் 1.8 வரை திறக்கும் 50 மி.மீ. லென்சும், ஒரு ட்ரைபாடும் உள்ளன. ஜன்னல் அருகே ஸ்டூலில் அமர்ந்து, பத்து விநாடி டைமர் வைத்து என்னையே படம் எடுத்துப் பழகுகிறேன். பெரும்பாலான படங்களில் பின்சுவர் துல்லியமாகவும் முகம் மங்கலாகவும் விழுகிறது. முகத்திலும் ஒரு பாதி வெளுத்து, மறுபாதி கறுத்துப் போகிறது. ஃபிளாஷோ ரிங் லைட்டோ வாங்காமல் இதைச் சரிசெய்ய முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். படம் பதிவாகும் நேரத்தில் கேமராவுக்குப் பின்னால் ஆள் இல்லை என்பதே உங்கள் சிக்கலின் வேர். 1839இல் பிலடெல்பியாவில் ராபர்ட் கார்னீலியஸ், தன் குடும்பத்தாரின் விளக்குக் கடைக்கு வெளியே கேமராவை நிறுத்தித் தன்னைத்தானே எடுத்துக்கொண்ட படம் இன்று கிடைக்கும் மிகப் பழைய தற்படங்களுள் ஒன்று. அதிலும் அவர் படத்தின் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கியே தெரிகிறார். ஆள் நின்று பார்த்துத் திருத்த வேண்டியவற்றை எல்லாம் நாம் முன்கூட்டியே செய்து வைத்துவிட்டு அமர வேண்டும்.

பெரும்பாலான டிஎஸ்எல்ஆர் கேமராக்கள், டைமருக்காக நீங்கள் பொத்தானை அழுத்தும் அந்த நொடியிலேயே ஃபோகஸ் செய்து முடித்துவிடும். அப்போது ஸ்டூல் காலியாக இருப்பதால் லென்சுக்கு எதிரே இருப்பது பின்சுவர் மட்டுமே. கேமரா அந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டு பத்து விநாடி காத்திருக்கும். இடையில் வந்து அமர்ந்த உங்கள் முகத்தை அது கணக்கில் எடுப்பதே இல்லை. ஆகவே முகத்தின் மீது ஃபோகஸ் செய்யும் எண்ணத்தை விட்டுவிட்டு, முகம் வரப்போகும் இடத்தின் மீது ஃபோகஸ் செய்யுங்கள்.

இதற்கு நான் பயன்படுத்துவது தையல் நூல். நூலின் ஒரு முனையை ட்ரைபாடின் தலைப்பகுதியில் கட்டுங்கள். ஸ்டூலில் அமர்ந்து, படத்தில் எப்படித் தெரிய விரும்புகிறீர்களோ அப்படியே முகத்தை வைத்துக்கொண்டு, நூலை விறைப்பாக இழுத்து, கேமராவுக்கு அருகில் உள்ள கண்ணின் ஓரத்தைத் தொடும் இடத்தில் ஒரு முடிச்சுப் போடுங்கள். பிறகு எழுந்து, ஒட்டடைக்கம்பு ஒன்றை ஸ்டூலோடு சேர்த்துக் கட்டி நிறுத்தி, முடிச்சு எட்டும் அதே இடத்தில் மடித்த செய்தித்தாளைத் துணி கிளிப்பால் மாட்டுங்கள். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து நெருக்கமாக இருப்பதால் ஆட்டோஃபோகஸ் தடுமாறாமல் பிடித்துக்கொள்ளும். லைவ் வியூவில், அதாவது கேமராவின் பின்திரையில், பெரிதாக்கி, எழுத்துகள் கூர்மையாகத் தெரிகின்றனவா என்று பார்த்த பின், ஃபோகஸ் விசையை ஏஎஃப் (கேமரா தானே ஃபோகஸ் செய்வது) என்பதிலிருந்து எம்எஃப் (கையால் செய்வது) என்பதற்குத் தள்ளிவிடுங்கள். பலரும் மறப்பது இதைத்தான். மறந்தால் டைமரை அழுத்தும்போது கேமரா மீண்டும் சுவரையே தேடிப் போகும். ஸ்டூலின் கால்கள் இருக்கும் இடத்தில் தரையில் டேப் ஒட்டிவிட்டு, ஒவ்வொரு முறை அமரும்போதும் நூலை இழுத்து முடிச்சைக் கண்ணோரம் வைத்துச் சரிபார்த்து, நூலைக் கீழே விட்டுவிட்டு லென்சைப் பாருங்கள். கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் மிரர்லெஸ் கேமரா கைக்கு வரும் நாளில் இந்த நூல் தேவைப்படாது.

அடுத்தது அப்பர்ச்சர், அதாவது லென்சின் துளை எவ்வளவு திறக்கிறது என்பது; எஃப் எண் சிறிதானால் திறப்பு பெரிது. எஃப் 1.8 லென்ஸ் வாங்கிய எவருக்கும் அதை முழுதாகத் திறந்தே எடுக்கும் ஆசை வரும். ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆர்களில் பொதுவாக இருக்கும் ஏபிஎஸ்-சி அளவு சென்சாரில், 50 மி.மீ. லென்சில், ஒன்றரை மீட்டர் தொலைவில் எஃப் 1.8 வைத்தால், முன்னும் பின்னும் சேர்த்து ஏறத்தாழ 6 அல்லது 7 செ.மீ. ஆழம் மட்டுமே துல்லியமாக விழும். முதுகு சாயாத ஸ்டூலில் மூச்சை இழுத்து விடும்போதே தலை இரண்டு மூன்று செ.மீ. அசைந்துவிடக்கூடும். எஃப் 5.6 வைத்தால் அந்த ஆழம் சுமார் 20 செ.மீ. ஆகிறது. தனியாக எடுப்பவர் எஃப் 4 முதல் 5.6 வரை வைத்துக்கொண்டு, ஷட்டர் வேகத்தை 125இல் ஒரு பங்கு விநாடிக்குக் குறையாமல் பார்த்து, அதற்குத் தேவையான அளவு ஐஎஸ்ஓவை, அதாவது சென்சாரின் ஒளி உணர்திறனை, 800, 1600 என்று உயர்த்திக்கொள்வதே நல்லது. சற்றுப் புள்ளி தட்டிய படத்தைக் கண் மன்னிக்கும், மங்கிய கண்ணை மன்னிக்காது.

இனி வெளிச்சம். முகம் பாதியாகப் பிளந்து தெரிகிறது என்றால், ஜன்னல் உங்களுக்கு நேர்ப்பக்கவாட்டில் இருக்கிறது என்று பொருள். ஸ்டூலை ஜன்னலின் நேர்க்கோட்டிலிருந்து ஒன்றிரண்டு அடி பின்னால் தள்ளி, ஜன்னல் உங்களுக்கு முன்பக்கச் சாய்வில் வருமாறு அமர்ந்து, மூக்கை மெதுவாக ஜன்னல் பக்கம் திருப்புங்கள். ஒரு கட்டத்தில் மூக்கின் நிழல் கன்னத்து நிழலோடு போய்ச் சேர்ந்து, இருண்ட பக்கத்துக் கண்ணுக்குக் கீழே ஒரு சிறு முக்கோண வெளிச்சம் மட்டும் மிஞ்சும். டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் பெயரால் அழைக்கப்படும் ஒளியமைப்பு இதுதான். அந்த முக்கோணம் கண்ணைவிட அகலமாகப் போகாமலும், மூக்கு நுனிக்குக் கீழே இறங்காமலும் இருந்தால் முகத்துக்கு நல்ல வடிவம் கிடைக்கும். இருண்ட பக்கம் இன்னும் அதிகம் கறுத்தால், அந்தப் பக்கம் இரண்டு அடி தள்ளி ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை நிறுத்தி, அதை அருகிலும் தொலைவிலும் நகர்த்திப் பாருங்கள். நிழலை முழுவதும் துடைத்துவிடாதீர்கள். ரிங் லைட்டை நான் பரிந்துரைக்காததற்குக் காரணமும் அதுவே: லென்சைச் சுற்றி நாலா பக்கமும் இருந்து அடிக்கும் வெளிச்சத்தில் கன்ன எலும்பும் மூக்கின் மேடும் தட்டையாகிவிடும்.

வடக்கு ஜன்னலின் வெளிச்சம் எப்போதும் மிருதுவாக இருக்கும் என்று பல நூல்களில் படித்திருப்பீர்கள். அது ஐரோப்பிய ஓவியர்களின் பணிக்கூடங்களுக்குப் பொருந்திய விதி. நம் ஊரில் மார்ச் பிற்பகுதி முதல் செப்டம்பர் பிற்பகுதி வரை சூரியன் கிழக்குக்குச் சற்று வடக்கே உதித்து, மேற்குக்குச் சற்று வடக்கே மறைவதால், காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னலிலும் நேர்வெயில் சாய்வாக நுழையும். அப்போது கம்பி நிழல் கோடு கோடாக முகத்தில் விழும். வேண்டுமென்றே அதைப் பயன்படுத்தினால் அழகுதான். வேண்டாமென்றால் ஜன்னலில் ஒரு வெள்ளை வேட்டியை ஒற்றையாகத் தொங்கவிடுங்கள், வேட்டி முழுவதுமே ஒளி தரும் பரப்பாக மாறிவிடும். மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு கதவுகள் உள்ள பழைய மர ஜன்னல் உங்கள் வீட்டில் இருந்தால் நீங்கள் கொடுத்து வைத்தவர். கீழ்க்கதவுகளைச் சாத்திவிட்டால் வெளிச்சம் மேலிருந்து மட்டும் இறங்கி, தாடைக்குக் கீழே இதமான நிழலும், கண்மணியின் மேற்பகுதியில் ஒரு வெள்ளைத் துளியும் தரும். அந்தத் துளி இல்லாத கண் படத்தில் உயிரற்றுத் தெரியும்.

வெளுத்துப் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கேமராவின் ஒளிமானி, காண்பது எதுவானாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக்கவே முயலும். பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தால் படத்தின் வெளிச்சத்தைக் குறைத்து உங்களைக் கறுப்பாக்கும், பின்னால் இருட்டு இருந்தால் கூட்டி நெற்றியை வெளுக்கச் செய்யும். எனவே அப்பர்ச்சர், ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ மூன்றையும் நீங்களே வைக்கும் மேனுவல் முறைக்கு மாறி, வெளிச்சம் படும் கன்னத்தைப் பார்த்து ஒளியின் அளவை முடிவு செய்யுங்கள். நெற்றியிலும் மூக்கிலும் எண்ணெய்ப் பளபளப்பு இருந்தால் அமர்வதற்கு முன் துடைத்துவிடுங்கள். நம் மாநிறமும் கறுப்பும் படத்தில் மாநிறமாகவும் கறுப்பாகவுமே வர வேண்டும் என்பதில் எனக்கு மிகுந்த பிடிவாதம் உண்டு. முகத்தைச் சிவப்பாகக் காட்டுவதற்காக அளவைக் கூட்டினால், கறுத்த தோலின் மீது ஒளி வழுக்கி விழும் அந்த நுண்ணிய மினுமினுப்புதான் முதலில் காணாமல் போகும்.

இவை கைவந்த பிறகு, முகமே இல்லாத தற்படம் ஒன்றையும் எடுத்துப் பாருங்கள். சிகாகோவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பணியில் இருந்த விவியன் மையர், தரையிலும் சுவரிலும் விழுந்த தன் நிழலைப் பல ஆண்டுகள் படமாக்கினார்; அந்த நிழல்களில் தொப்பியும் தோளும் மட்டுமே அவரை அடையாளம் காட்டுகின்றன. மாலை ஐந்து மணி வாக்கில் மேற்கு வெயில் படும் வெளிச்சுவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, உங்கள் நிழல் விழுமாறு நில்லுங்கள். சூரியன் புள்ளியாக இல்லாமல் வட்டமாகத் தெரிவதால், சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நின்றால் நிழலின் விளிம்பு ஏறத்தாழ ஒரு செ.மீ. அகலத்துக்கு மங்கும், ஒரு சாண் தூரத்தில் நின்றால் விரல் விரலாகக் கூர்மையாக விழும். அதாவது நிழலின் கூர்மையை லென்ஸ் தீர்மானிப்பதில்லை, நீங்கள் நிற்கும் தூரமே தீர்மானிக்கிறது. ஒரு கையைச் சுவரோடு ஒட்டியும் தலையைத் தள்ளியும் வைத்தால் ஒரே படத்தில் இரண்டும் கிடைக்கும். இந்தப் படத்துக்கு மட்டும் நூலும் செய்தித்தாளும் தேவையில்லை, எம்எஃப் விசையையும் ஏஎஃப் பக்கம் திருப்பிவிடலாம். கேமரா தானாகத் தேடிப் போகும் சுவரின் மீதுதான் இம்முறை ஃபோகஸ் இருக்க வேண்டும்.