வட்டார வழக்குக் கதைகள் படித்தால் தடுக்குகிறது, கேட்டால் ஓடுகிறது. ஏன்?

முதல் காரணம் எழுத்துதான். பேச்சில் 'வந்தான்' என்பதன் கடைசி ன் முழுசாக வராது, மூக்கோடு கரைந்துவிடும். அதை 'வந்தான்' என்றே அச்சடித்தால் புத்தக வாடை அடிக்கும், 'வந்தா' என்று போட்டால் வந்தாளா, வந்தாலா, வந்தானா என்று கண் ஒரு நொடி நின்றுவிடும். காதுக்கு இந்தச் சிக்கலே இல்லை.

அப்புறம் கரிசல் கதைசொல்லி 'போறான், போறான், போயிக்கிட்டே இருக்கான்' என்று இழுப்பார் பாருங்கள், அந்த இழுப்பிலேயே தூரம் தெரிந்துவிடும். தாளில் அது வெறும் கூறியது கூறல் மாதிரி இருக்கும், அதனாலேயே பதிப்பிப்பவர்கள் பாதியை வெட்டிவிடுவதும் உண்டு. எதிரில் ஒருத்தர் 'உம்' கொட்டக் கொட்டத்தான் கதையே நகரும், அந்த ஆளுக்கு அச்சில் இடமே கிடையாது.

அதற்காக அச்சு வீண் என்று சொல்ல மாட்டேன். தெரியாத சொல் வந்தால் நிறுத்தி, கி.ராஜநாராயணன் தொகுத்து 1982இல் வெளிவந்த வட்டார வழக்குச் சொல்லகராதி போன்ற ஒன்றைப் புரட்டலாம், ஓடிக்கொண்டிருக்கும் குரலை அப்படி அடிக்கடி நிறுத்தினால் கதை செத்துப்போகும். இன்னொன்று, அந்த ஊர்ப் பேச்சு தெரியாதவர் சினிமாத்தனமாக 'ஏலே' போட்டு வாசிப்பதைக் கேட்பதற்குப் பேசாமல் புத்தகத்தையே படிக்கலாம்.

எனவே புத்தகம்தான் கையில் இருக்கிறது என்றால் முதல் ரெண்டு பக்கத்தை மட்டும் சத்தமாகப் படியுங்கள், உச்சரிப்பு பிடிபட்ட பிறகு மனசுக்குள் படித்தாலும் தடுக்காது.