இடது கை

அன்புள்ள ஐயா,

நீங்கள் பலமுறை சொல்லியிருந்ததால் ஜப்பானிய எழுத்தாளர் ஷோஹெய் ஓஓகாவின் 'சமவெளியில் தீ' நாவலை ஆங்கிலத்தில் வாசித்தேன். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பிறகு ஆசிரியரைப் பற்றித் தேடிப் பார்த்தபோது மனம் விட்டுப்போனது. கதை நடப்பது இரண்டாம் உலகப் போரின்போது, பிலிப்பைன்ஸின் லெய்ட்டே தீவில். அவர் சிப்பாயாக இருந்ததோ அதே நாட்டின் மிந்தோரோ தீவில். கதைநாயகன் தமுரா ஒரு பெண்ணைச் சுட்டுக் கொல்கிறான். ஓஓகாவோ தன் எதிரே வந்த எதிரியைக்கூடச் சுடவில்லை என்று எழுதியிருக்கிறார். அப்படியென்றால் பசியில் சிப்பாய்கள் நரமாமிசம் தின்னும் பகுதியும் கற்பனைதானே? என் அப்பா பதினெட்டு வருடம் ராணுவத்தில் இருந்தவர். கண்ணால் காணாததைச் சொல்லவே மாட்டார். சொந்த அனுபவத்தின் பெயரில் இப்படி எழுதலாமா?

எஸ்., திருநெல்வேலி

அன்புள்ள எஸ்.,

நீங்கள் கண்டுபிடித்தவை எல்லாம் சரி. ஆனால் அந்த மனிதரை நீங்கள் பொய்யராகப் பார்ப்பது எனக்கு வலிக்கிறது.

ஓஓகா பிரெஞ்சு நாவலாசிரியர் ஸ்டெந்தாலில் ஊறிக் கிடந்தவர். 1944-ல், 35 வயதில், மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் விட்டுவிட்டுப் படைக்குப் போனார். டிசம்பர் 15 அன்று அமெரிக்கப் படை மிந்தோரோவில் இறங்கியது. மலைக்குள் ஒதுங்கிய ஜப்பானியச் சிப்பாய்களை மலேரியா வாட்டியது. அடுத்த மாதம், காய்ச்சலோடு தனித்துக் கிடந்தவரை அமெரிக்கர்கள் பிடித்தார்கள்.

பிடிபடுவதற்குச் சற்று முன்னால் நடந்ததைத்தான் நீங்கள் குறிப்பிடுகிறீர்கள். 1948-ல் வெளியான, போர்க்கைதியாக இருந்ததைப் பற்றிய சிறை நினைவுக்குறிப்பில் அவர் எழுதியது அது. புல்லுக்குள் படுத்திருக்கிறார். ஓர் இளம் அமெரிக்கச் சிப்பாய், கன்னம் சிவந்த பையன், இவர் இருப்பது தெரியாமல் நேராக நடந்து வருகிறான். சுடுவதில்லை என்று ஓஓகா முன்பே முடிவு செய்திருந்தார். ஆனால் அவருடைய கை, அவரைக் கேட்காமலேயே, துப்பாக்கியின் சேஃப்டியை, அதாவது தவறிச் சுடாமல் தடுக்கும் பூட்டை, விடுவித்துவிட்டது. அந்த நேரம் பார்த்து வேறொரு பக்கம் துப்பாக்கிச் சத்தம். பையன் திரும்பி அந்தப் பக்கம் போய்விட்டான்.

இதை எழுதிவிட்டு அவர் நிறுத்தவில்லை. ஏன் சுடவில்லை என்று பக்கம் பக்கமாகத் தன்னையே விசாரிக்கிறார். மனிதநேயமா? எப்படியும் சாகப்போகிறோம் என்ற அலுப்பா? அந்தப் பையனின் இளமையைக் கண்டு ஒரு தகப்பனின் மனம் இளகியதா? ஒவ்வொரு காரணத்தையும் எடுத்துப் பார்த்து, தனக்குச் சாதகமாக இருப்பதாலேயே அதைச் சந்தேகிக்கிறார். போரைப் பற்றி நான் வாசித்தவற்றில் இவ்வளவு நேர்மையான பக்கங்கள் மிகக் குறைவு.

இப்போது நாவலுக்கு வாருங்கள். காசநோய்க்காரன் தமுராவை அவனுடைய படைப்பிரிவு விரட்டுகிறது: ஆஸ்பத்திரிக்குப் போ, அங்கே சேர்க்காவிட்டால் கையெறிகுண்டை வெடித்துச் செத்துப்போ. ஆளில்லாத கடலோரக் கிராமத்தில், தேவாலயத்தை ஒட்டிய வீட்டில், ஒளித்துவைத்த உப்பை எடுக்க ஓர் ஆணும் பெண்ணும் வருகிறார்கள். அவள் அலறுகிறாள். இவன் சுட்டுவிடுகிறான். புல்லுக்குள் சேஃப்டியை விடுவித்த அதே கைதான் இது. அங்கே வேறெங்கோ கேட்ட ஒரு சத்தம் அவரைக் காப்பாற்றியது. கேட்காமல் போயிருந்தால்? அந்தக் கேள்வியோடுதான் அவர் ஊர் திரும்பினார் என்று நான் நினைக்கிறேன். தமுரா பிறகு அந்தத் துப்பாக்கியைத் தண்ணீரில் வீசிவிடுகிறான்.

அதைவிட முக்கியம் இடது கை. சாகும் தறுவாயில் ஒரு அதிகாரி தன் கையைக் காட்டி, நான் செத்தபிறகு இதை நீ தின்னலாம் என்கிறான். அவன் செத்தபிறகு தமுராவின் வலது கை கத்தியை ஓங்குகிறது. இடது கை எழுந்து அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறது. புல்லுக்குள் உடம்பு மனத்தை மீறிக் கொல்லப்போனது. இங்கே உடம்பு மனத்தை மீறித் தடுத்தது. ஓஓகா உடம்பால் அறிந்த ஒன்றிலிருந்து பிறந்த காட்சி இது என்றுதான் நான் வாசிக்கிறேன்.

ஏன் லெய்ட்டே? பிடிபட்டபின் அவரைக் கொண்டுபோனது அங்கேதான். லெய்ட்டே காடுகளிலிருந்து எலும்பும் தோலுமாக வந்தவர்கள் கைதிகளுக்கான ஆஸ்பத்திரியிலும் முகாமிலும் அவரோடு இருந்தார்கள். அவர்கள் சொன்னதைக் காதால் கேட்டவர் அவர். அங்கே அனுப்பப்பட்ட ஜப்பானியர்களில் மிகப் பெரும்பாலோர் திரும்பவில்லை. அவர்களுக்காகப் பேச ஒருவன் வேண்டியிருந்தது.

'கண்ணால் காணாததைச் சொல்லமாட்டேன்' என்ற உங்கள் அப்பாவின் உறுதி ஓஓகாவுக்கும் இருந்தது. நாவலோடு அவர் ஓயவில்லை. 1967 முதல் லெய்ட்டே போரின் வரலாற்றைத் தொடராக எழுதினார். எந்தப் படைப்பிரிவு, எந்த நாள், எந்த மேடு என்று, இரு தரப்பு ஆவணங்களையும் வைத்துக்கொண்டு. 1971-ல் அது பெரிய நூலாக வந்தது. அதே ஆண்டு ஜப்பானியக் கலை அகாதமி உறுப்பினர் பதவி தேடி வந்தபோது, தான் போர்க்கைதியாக இருந்தவன் என்ற காரணத்தைச் சொல்லி மறுத்துவிட்டார். கைதியாகும் அவமானத்தோடு உயிர் வாழாதே என்று சிப்பாய்களுக்குக் கட்டளையிட்ட அரசு 1941-ல் அவர் நாட்டில் இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்த மறுப்பைப் பாருங்கள்.

சிறை நினைவுக்குறிப்பும் ஆங்கிலத்தில் கிடைக்கிறது. அதன் முதல் அத்தியாயத்தை மட்டுமாவது படித்துவிட்டு, நாவலில் இடது கை எழும் பக்கத்துக்குத் திரும்பிப் போங்கள். முடிந்தால் அந்தப் புல்வெளிக் காட்சியை உங்கள் அப்பாவுக்கும் வாசித்துக்காட்டுங்கள். அவர் என்ன சொல்கிறார் என்பதை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்