மதியம் தலை தொங்கும் மிளகாய் நாற்று

கேள்வி: ஒட்டன்சத்திரம் பக்கம் எங்கள் ஊர். நிழல்வலைக் குடிலில், 98 குழிகள் கொண்ட தட்டுகள் 120 வைத்து மிளகாய் நாற்று விட்டிருக்கிறேன். வயது 18 நாள். நான்கு நாட்களாகக் காலை பதினொரு மணிக்கே தலை தொங்கிவிடுகிறது, சாயங்காலம் நிமிர்கிறது. காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கிறேன். வாடியதைப் பார்த்து மதியமும் தெளித்தேன். கடையில் சொன்னபடி காப்பர் ஆக்சிகுளோரைடு பூஞ்சைக்கொல்லி, ஹியூமிக் அமிலம், 19:19:19 உரம் ஆகிய மூன்றையும் கலந்து ஊற்றியும் பலன் இல்லை. அடுத்து என்ன மருந்து கொடுக்கலாம்?

பதில்: எதுவும் வேண்டாம். வாடல் என்றதும் கடைக்காரர் அலமாரியைத்தான் பார்த்திருக்கிறார், உங்கள் குடிலைப் பார்க்கவில்லை. மூன்றையும் ஒரே வாளியில் கலந்துவிட்டால் எது கெடுத்தது என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

வாடியிருக்கும் நேரத்தில் ஒரு தட்டைத் தூக்கிப் பாருங்கள். கனமாக இருந்தால் அது தாகம் இல்லை, வேருக்கு மூச்சுத் திணறல். அவ்வளவு சிறிய குழியை மூன்று வேளை நனைத்தால் காற்றுக்கு இடம் ஏது? காற்றில்லாத வேர், தண்ணீரில் நின்றாலும் உறிஞ்சாது. வெயில் ஏறியதும் இலை சாய்கிறது. நீங்கள் மேலும் ஊற்றுகிறீர்கள்.

நாலைந்து நாற்றுகளைக் கட்டியோடு உருவுங்கள். வேர் வெள்ளையாக இருந்தால் பிழைத்துவிடும். பழுப்பாகி, இழுத்தால் தோல் உரிந்து வந்தால் அழுகிவிட்டது. தண்டு மண்மட்டத்தில் நூலாக இளைத்திருந்தால் நாற்றழுகல். ஆனால் அது சாய்த்த நாற்று சாயங்காலம் எழாது, உங்களுடையது எழுகிறது. அப்படி ஒன்றிரண்டு தட்டுகள் இருந்தால் அவற்றை வெளியேற்றி, பக்கத்துத் தட்டுகளுக்கு மட்டும் காப்பர் ஆக்சிகுளோரைடை லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து ஊற்றலாம்.

நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். குழிகளில் நிரப்பிய தென்னை நார்த்தூளை எங்கே வாங்கினீர்கள்? எத்தனை முறை அலசினீர்கள்? மூட்டையில் 'கழுவியது' என்று அச்சடித்திருப்பதை நான் ஒருநாளும் நம்பியதில்லை. பச்சை நார்த்தூளில் வேரைக் கெடுக்கும் உப்பும், டானின் என்ற துவர்ப்புப் பொருளும் இருக்கும். நல்ல தண்ணீரில் ஊறவைத்து வடியுங்கள். வடிநீரில் தேநீர் நிறம் போகும்வரை விடாமல் அலசுங்கள். நிறம் தெளிந்தாலும் உப்பு மிச்சம் இருக்கலாம். உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 1 டெசிசீமென்ஸுக்குக் கீழே இறங்கியதா என்று பார்த்தபிறகே விதை போடுவது என் வழக்கம். ஆழ்துளைக் கிணற்று நீரே உப்பாக இருந்தால் அலசியும் பயனில்லை. ஒரு பாட்டில் பிடித்து வேளாண் அறிவியல் நிலையத்தில் கொடுத்துச் சோதியுங்கள். ராமநாதபுரத்து முண்டு மிளகாய்க்காரர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. நிலத்திலேயே நேராக விதைத்துவிடுகிறார்கள்.

19:19:19 உரமும் உப்புதான். 18ஆம் நாளில் லிட்டருக்கு 5 கிராம் கொடுப்பது வழக்கம் என்றாலும், அது வேர் வெள்ளையாக இருக்கும் நாற்றுக்கு.

நாளைக் காலை ஒரே ஒரு முறை, அடித்துளைகளில் நன்றாக வடியும்வரை நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். பிறகு தட்டு கையில் இலேசாகும்வரை பூவாளியைத் தொடாதீர்கள். மாலைத் தண்ணீர் கண்டிப்பாகக் கூடாது. தட்டுகள் தரையில் விரித்த பாலித்தீன்மேல் இருந்தால் செங்கல் வைத்து உயர்த்துங்கள். பக்கவலையைச் சுருட்டிக் காற்று விடுங்கள். நான்கைந்து நாளில் புதிய வெள்ளை வேர்நுனி தெரியாவிட்டால் அந்தத் தட்டுகளைக் கொட்டிவிட்டு மறுபடி விதையுங்கள், அதே நார்த்தூளில் அல்ல.