பேய்த்தேர் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

கரிசல்காட்டுக் கோடையைப் பற்றிய உங்கள் கட்டுரையில் ‘பேய்த்தேர்’ என்று எழுதியிருந்தீர்கள். அகராதியைப் பார்த்தேன், கானல் நீராம். அதையே எழுதியிருக்கலாமே? இதில் பேய் எங்கே, தேர் எங்கே? போலிச் சாமியார்களையும் பணத்தைச் சுருட்டும் நிதி நிறுவனங்களையும் இப்படிச் சொல்லலாமா?

செ., கோவில்பட்டி

அன்புள்ள செ.,

கோவில்பட்டியில் இருந்துகொண்டா கேட்கிறீர்கள்? சித்திரை மத்தியானம் நான்குவழிச் சாலையில் சாத்தூர்ப் பக்கமாகப் பாருங்கள். தூரத்தில் வரும் லாரிக்குச் சக்கரமே தெரியாது. அடியில் வெள்ளையாக ஏதோ நெளியும், லாரி அதன்மேல் மிதந்து வரும். நாம் போகப் போக அந்த வெள்ளையும் முன்னால் போய்க்கொண்டே இருக்கும். அந்த ஓட்டத்தைப் பார்த்துத்தான் தேர் என்றார்கள் போலும். ஓட்டுகிற ஆள் கண்ணில் படாததால் பேயின் தேர்.

அகநானூற்று 67ஆம் பாட்டு இன்னும் ஒரு படி மேலே போகிறது. ‘உருவில் பேஎய் ஊராத் தேர்’. பேய்க்கு உருவம் இல்லை, அது தேரை ஓட்டவும் இல்லை. கலித்தொகையில் ‘வழங்காத் தேர்நீர்’, அதாவது ஓடாத தேரின் தண்ணீர். அதற்கு ஆசைப்படுவது வெயிலில் ஓய்ந்துபோன ஒரு களிறு. மாணிக்கவாசகர் திருவாசகத்தின் திருவண்டப்பகுதியில் ஆறு சமயங்களையும் ஒரே பேய்த்தேராக்கி, தாகத்தோடு வரும் மான்கூட்டத்தை அதைக் குடிக்க விட்டிருக்கிறார். குடித்தும் தாகம் தீராமல் அவை தளர்ந்துபோகின்றன.

கானல் நீர் என்றே எழுதியிருக்கலாமே என்கிறீர்கள். கானல் என்றால் பழம்பாட்டில் கடற்கரைச் சோலை. சிலப்பதிகாரத்துக் கானல்வரி புகார்க் கடற்கரையில் பாடியதுதானே. அது கிடக்கட்டும். ‘கனவு கானல் நீரானது’ என்று தலைப்புப் போட்டுப் போட்டுப் பத்திரிகைகள் அந்தச் சொல்லைத் தேய்த்துவிட்டன. என்னவோ நேற்றுவரை நல்ல தண்ணீராக இருந்த மாதிரி!

சாமியார் விஷயத்துக்கு வருகிறேன். கூடாது. வெயிலில் தரை கொதிக்கும்போது அதை ஒட்டிய காற்று லேசாகி, வானத்திலிருந்து இறங்கும் வெளிச்சத்தை நம் கண்ணுக்கு வளைத்துவிடுகிறது. தரையில் தண்ணீராகத் தெரிவது வானம். கேமராவில்கூட அப்படியேதான் விழும். இதில் ஏமாற்றுகிறவன் என்று ஒருவன் கிடையாது. சாமியாரோ நாள்பார்த்து, ஆள்பார்த்து வேலை செய்கிறவர். அவருக்குப் பம்மாத்து, பாசாங்கு, பகல்வேஷம் என்று எத்தனையோ இருக்கின்றன. நிதி நிறுவனத்துக்கு மோசடி என்ற ஒரு சொல் போதும், உவமை எதற்கு?

அடுத்த வெள்ளாமையில் கடனை அடைத்துவிடலாம் என்று வருஷாவருஷம் நம்புகிற சம்சாரி இருக்கிறாரே, அவரிடம் யாரும் பொய் சொல்லவில்லை. அங்கே தாராளமாகப் பேய்த்தேர் என்று எழுதுங்கள். ஒன்று, இன்று பேச்சில் இந்தச் சொல் அநேகமாக இல்லை. முதல் தடவை எழுதும்போது வெயிலும் வெறுந்தரையும் பக்கத்திலேயே இருக்கட்டும். இல்லாவிட்டால் வாசகர் கோயில் தேரைத் தேடிக்கொண்டு போய்விடுவார்.